மாடியூட்டுக்கு வாரவங்க

இல்லீங்க அம்மணி, காப்பியெல்லாம் வேண்டாமுங்க. இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன். இந்த முட்டி வலியோட இத்தன படி ஏறி வந்திருக்கறன்னா சும்மா வருவனா? வாடகையா? அது வந்திருச்சுங்களே. காலி பண்ணச் சொல்லவும் வரலீங்க, பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் இன்னைக்குத் தெரிஞ்சாகோணும். ஞாயித்துக்கெழமையானா உங்க ஊட்டுக்கு அத்தன பேரு வாராங்களே, அவங்கெல்லாம் ஆரு? எதுக்கு வாராங்க?

சொந்தம்னு மட்டும் சொல்லாதீங்க. எம்பட கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்குது. தாராபுரத்துல இருந்து ஒரு குடும்பமே வேன்ல வந்து எறங்குது. காங்கேயத்து எண்ணெ மில்லுக்காரரு, பொங்கியண்ணனா அவரு பேரு, தேங்கா மூட்டையோட வாராரு. அப்புறம் அந்த ஆமினா பீவி. உங்க புள்ள வர்ஷினிக்குக் காச்சல்னு அந்தம்மா வந்து தங்கிக் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுப் போறாங்க. நீங்க என்ன சனம், அவங்க என்ன சனம்? கூடப் பொறந்தவகூட அப்பிடி வர மாட்டா.

நீங்க ஆர்.எஸ்.புரத்துக்கு வந்து ஒரு வருசங்கூட ஆகலீங்க. நா கலியாணமாகி வந்ததுல இருந்து இதே தெரு. கீழ எங்கூட்டுக் கதவைத் தட்டறது கேஸ்காரன் மட்டுந்தான். அப்ப எனக்குச் சந்தேகம் வருமா, வராதா?

மொதல்ல நெனச்சேன், சோப்பு, சத்து மாவுன்னு ஆளு சேக்கற கம்பெனியாட்டம் இருக்குதுன்னு. அப்புறம் ஏலச்சீட்டோன்னு நெனச்சேன். போன வாரம் மாடிப்படில நின்னு ஒட்டுக் கேக்கவும் கேட்டேன், மறைக்கறதுக்கென்ன. ஒரே சிரிப்பு. என்னடான்னா, நீங்க தாராபுரத்துல குடியிருந்தப்ப ஆரூட்டு ஆடோ உங்க மொட்ட மாடிக்கு ஏறிப்போட்டு எறங்க மாட்டீன்னு நின்னுச்சாம். அந்த ஒரு ஆட்டை நெனச்சுச் சிரிக்கறதுக்கு ஆராச்சும் டீசல் போட்டுக்கிட்டு வருவாங்களா? நீங்களே சொல்லுங்க.

என்னங்க? கேக்கறதா? ஆருகிட்ட என்ன கேக்கறது?

இருங்க, சித்தே மெதுவாச் சொல்லுங்க. ஊட்டுக்காரருக்குக் கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனில வேலை, ரண்டு வருசத்துக்கொருக்கா ஊரு மாத்திப்போடறாங்க, செரி. குடி போன மக்யா நாளு, விடிஞ்சதுமே பக்கத்தூட்டுல போயி ஏதாச்சும் ஒரு சாமானம் கேட்டு வாங்கிருவீங்களா? உங்க ஊட்டுல அது இருந்தாலுமா? இதென்ன கூத்து! நாமளா ஒண்ணு குடுத்தா வாங்கிக்கிட்டுக் கதவச் சாத்திக்குவாங்க, நாம கேட்டாத்தான் உள்ள கூப்புட்டு உக்கார வெப்பாங்கன்னா? அப்ப இங்க வாரவங்கெல்லாம் அப்பிடிப் பழகுன பழைய பக்கத்தூட்டுக்காரங்கதானா?

ஓ. அதுக்குத்தான் எங்கிட்ட வந்து தேங்காத் துருவி கேட்டீங்களா?

நா என்ன நெனச்சேன் தெரியுங்களா? ஊட்டை நோட்டம் பாக்க வந்திருக்கறா, பீரோ எந்த ரூம்புல இருக்குதுன்னு பாத்துட்டுப் போகப் போறான்னு நெனச்சேன். துருவியே இல்லீன்னு சொல்லித் தாட்டி உட்டுட்டேன். அன்னைக்கு நா அதுலதான் உக்காந்து துருவிக்கிட்டு இருந்தேன். என்னது, பாத்தீங்களா? எம்பட கையில தேங்காப்பூ ஒட்டியிருந்ததப் பாத்துட்டுமா வாயத் தொறக்காமப் போனீங்க? நல்ல ஆளுங்க நீங்க.

எங்கூட்டுக்காரரு இருந்த வரைக்கும் அதேதான் சொல்லுவாரு, ஆரையும் நம்பாத தெய்வாத்தா, ஆரு வாசப்படியும் மிதிக்காதன்னு. அவரு போயிட்டாரு, நா அப்பிடியே இருந்துபோட்டேன். சர்க்கரையில்லாம வரக்காப்பி குடிச்சிருக்கறனே தவிர, ஒரு கை சர்க்கரைன்னு ஒருத்திகிட்டப் போயி நின்னதில்ல. பெருமையாத்தான் இருந்துச்சு அது.

அழுகையெல்லாம் இல்ல கண்ணு. படி ஏறுனது, மூச்சு வாங்குது. செரி, அந்தத் தண்ணியக் குடு.

இன்னைக்குக் காத்தால பெங்களூருல இருந்து எம்பையன் சசிதரு போன் பண்ணுனான். நா இருக்கற கீழூட்டைக் கிளினிக்குக்கு வாடகைக்கு உட்டாச்சாம். உனக்கொண்ணும் இல்ல, நீ பாட்டுக்கு மாடில இரு. வடவள்ளிப் பக்கம் வயசானவங்களுக்குன்னே கட்டி உட்டிருக்கறாங்களே, அங்க எனக்கு ஒரு ஊடு எடுத்துப்போட்டானாம். வெள்ளிக்கெழம பாலு காச்சோணும். அவனுக்கு லீவு இல்லையாம். இத்தன காலம் குடியிருந்த தெரு, கூட வாங்கன்னு கூப்புட ஒரு பேரு வாயில வரமாட்டீங்குது கண்ணு.

நீ வந்து பாலை அடுப்புல வெச்சுத் தாரயா? தனியா வராத. அந்த ஆமினாவைக் கூப்புடு, தாராபுரத்து வேனையும் வரச் சொல்லு. அங்க இருக்கற சனம் பாக்கட்டும், இவளுக்கும் நாலு பேரு இருக்கறாங்கன்னு.