நேராய் நடந்ததற்குப் பிடித்தார்கள்

போர்க்காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிய இருவர் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். குடியை விட நினைப்பவர்களுக்கு மாதா கோயிலில் ஃபாதர் நடத்தும் கூட்டத்திலிருந்து வருகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. இளையவர் சொன்னார்:

"குடிக்காததாலதான் அண்ணை என்னை ஆமி பிடிச்சது."

"என்னடா கதைக்கிறாய்?"

"நான் தள்ளாடிக்கொண்டு போனால் செக்பொயின்ட்டில சிரிச்சுப்போட்டு விடுவாங்கள். அண்டைக்கு நேராய் நடந்தன். ஆரோ புது ஆள் எண்டு பொலிசில குடுத்திட்டாங்கள்."

"பிறகு?"

"ஃபாதரும் என்ர மனுசியும் வந்து, இவன் எங்கட பழைய குடிகாரன்தான் எண்டு சொல்லி வெளியில எடுத்தவை. நானும் ஓம் எண்டு தலையாட்டினனான்."

"இனிமேல் அந்த இடத்தில கொஞ்சம் தள்ளாடிக் காட்டன்."



"வேண்டாம் அண்ணை. தள்ளாடினால் எனக்கு வாய் ஊறும். ஆமி பிடிச்சால் மனுசி வந்து எடுப்பாள். குடிச்சுப்போட்டு விழுந்தால் இனி வரமாட்டாள்."