இருக்கையை மட்டும் கழற்றிய வீரபாகு ஐயாவுக்கு

பங்குனி முப்பத்தொன்று, பின்னேரம் மூன்று மணி: எங்கள் நகரசபையில் சைக்கிள் வரி வாங்கும் யன்னல் அத்துடன் மூடும், அதற்குப் பின் வருபவர் எல்லோரும் பிந்தியவர்களே. அந்தப் பிந்தியவர்களிடமும் பண்பு குன்றாமல் பணி செய்து, முப்பது வருட சேவையின் பின் இன்று ஓய்வு பெறும் எங்கள் வருமானப் பரிசோதகர் வீரபாகு ஐயா அவர்களே!

நேர்மையானவர்கள் உங்களுக்கு முன்னும் இங்கே இருந்தார்கள். அவர்கள் காலத்தில், வரி கட்டாத சைக்கிளை வீதியில் மறித்து, அலுவலகப் பின்வளவில் பூட்டிவைப்பதே வழக்கம். வண்டி போனால் உழைப்பு போகும். உழைப்பு போனால் வரி கட்ட வழியில்லை. தண்டம் ஏறும், வண்டி மழையில் கறள் பிடிக்கும். மீட்க வராதவர்களே அதிகம்.

ஒரு சித்திரை மாதம், ஓமந்தைப் பக்கத்துக் காட்டில் விறகு சேர்த்து வவுனியாச் சந்தைக்குக் கொண்டுவரும் மூக்கனை மறித்தோம். மலேரியாவில் கிடந்து எழும்பியவர். வரி கட்டப் பிந்திவிட்டார். எங்கள் ஊழியர் கனகலிங்கம் ஹான்டிலைப் பிடித்ததும் மூக்கனுக்கு வீட்டில் அரிசி இல்லாதது நினைவுக்கு வந்ததாம். ஆனாலும் அவர் கெஞ்சவில்லை.

“வண்டியை எடுங்கோ. எதில விறகேத்தி உங்கட வரியைக் கட்டுறதெண்டும் சொல்லிப்போட்டு எடுங்கோ.”

நீங்கள் விறகுக் கட்டைப் பார்த்தீர்கள். இவ்வளவு பாரத்தோடு ஏறி ஓடி வந்தீரா என்று கேட்டீர்கள். விறகுக்காரர் பாரத்தோடு ஏறி ஓடுவதில்லை; வண்டியை உருட்டிக்கொண்டே நடந்து வருவார்கள். பக்கத்துச் சைக்கிள் கடையில் நட்டுக் கழற்றும் சாவி வாங்கி, வரி கட்டும்வரை பிணையாக இருக்கையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டீர்கள். விறகு சந்தைக்குப் போனது.

விற்ற பின் மூக்கன் பெடலில் நின்றபடியே வீட்டுக்கு ஓடினார். மனைவி மீனம்மா அவரைக் கண்டு, “விறகு காணாதெண்டு சீற்றையும் வித்துப்போட்டியளோ?” என்று கேட்டாராம். அந்தக் கிழமையே தண்டத்தோடு வரியைக் கட்டி இருக்கையை வாங்கிப் போனபோது, மூக்கனே எங்களுக்குச் சொன்ன கதை இது. பிறகு பிந்திய விறகுக்காரர் எல்லோருக்கும் அதுவே முறையாயிற்று. அலுமாரியில் இருக்கைகள் வந்து வந்து போயின. பின்வளவில் புல் முளைத்தது.

மேலிடம் மகிழவில்லை. வண்டியைப் பிடிக்காததற்காக உங்கள் ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தியது. நீங்கள் முறையை மாற்றவுமில்லை. அதுபற்றி எங்களிடம் கதைக்கவுமில்லை. கண்டிப்பும் கருணையும் ஒரே ஆளிடம் கூடியிருக்கக் கண்டோம். அந்தக் காட்சிக்காகவே நன்றி சொல்கிறோம்.

துணைவியார் இராசேஸ்வரி அம்மாவுடன், நோயும் நொடியும் அண்டாமல், நிறைந்த மனத்துடன் நீடு வாழ்க என்று வாழ்த்தி, உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் இதில் ஒப்பமிடுகிறோம்.

தானும் ஒப்பமிட வேண்டும் என்று இன்று காலை மூக்கன் வந்தார். பேனையை வாங்கியவர், எழுதாமல் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

“வைக்கிறன். வாற வருஷம் திரும்பவும் காய்ச்சல் வந்து பிந்தினனெண்டால், உங்களில ஆர் சீற்றை மட்டும் கழட்டிப்போட்டு வண்டியை என்னட்ட விடுவியள்?”