எத்தனை ஜெபம்?

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு போகும் பேருந்து பதினோரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. உள்ளே இருபத்துமூன்று பேர் இருந்தோம். எனக்கு முன் இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு, எத்தனை மங்கள வார்த்தை ஜெபம் சொல்லணும்னு கேட்டுட்டேன்ளா.”

“ஏளா, மனநல டாக்டரம்மாகிட்டயா? அவிய என்ன கோயில் சாமியாரா?” தோழி சிரித்துவிட்டாள்.

“பழக்கதோசம். எனக்குப் பொம்பளப் பிள்ளயளத்தான் புடிக்கும்னு இதுக்கு முன்ன சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலதான சொல்லியிருக்கேன். பாவத்துக்கு இத்தன ஜெபம் சொல்லுன்னுதான அவிய அனுப்புவாவ.”

“அதுக்கு டாக்டரம்மா என்ன சொன்னாவ?”

“ஒரு ஜெபமும் வேண்டாமாம். எம்மேல தப்பே இல்லியாம்.”

“நல்லதுதான?”

“அப்பம் பதினாறு வயசுல, குணமாக்குதோம்னு எங்க வீட்டுல நாப்பது நாளு என்னை முழங்கால்ல நிக்க வச்சாவளே, அது எதுக்குளா?”

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலந்தலையில் இறங்க எழுந்தபோது, “வியாழக்கிழமையும் டாக்டரம்மாகிட்ட போயிருளா” என்றாள்.

“நீயும் கூட வாரியா?”

“ஏளா, என்னைய வீட்டுல விட மாட்டாவ.”

பேருந்து நகர்ந்தது. “சரி, நானே போயிக்கிடுதேன்” என்று இவள் சொன்னது, கீழே நின்ற தோழிக்குக் கேட்டிருக்காது.