மனசு மாறுகிற சாமான்

டீ ஆறுகிறது, குடியுங்கள் சார். ஸ்டேஷனிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து விட்டு, சாவியைக் கொடுத்ததும் நீங்கள் பேசாமல் போயிருந்தால் நானும் பேசாமல் வாங்கி ஆணியில் மாட்டியிருப்பேன். “ஓட்டை வண்டிம்மா, நேரம் பார்த்துக் காலை வாரிடுச்சு” என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வண்டியை யாரும் குறை சொல்லக் கூடாது. எத்தனையோ வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட வண்டி அது.

என் வீட்டுக்காரர் அதை டாக்சியாக ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஓட்டுவதை நிறுத்தினார், வண்டியை மட்டும் விற்க மாட்டேன் என்றுவிட்டார். வாரத்தில் மூன்று நாள் மேட்டு ரோட்டைத் தாண்டி, அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் படுக்க வேண்டும். உடம்பில் சேர்ந்த தண்ணீரையும் அழுக்கையும் அது எடுத்தால்தான் அடுத்த முறைவரை மூச்சு ஓடும். அதற்காகவே நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சின்னச் சின்ன ரிப்பேரும் கற்றுக்கொண்டேன். அவரால் குனிய முடியாது, ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லுவார், நான் ஸ்பானரைப் பிடிப்பேன். என்னை மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிடுவார். “எனக்கும் வண்டிக்கும் ஒரே வியாதி, தண்ணி. அதுக்கு ஊத்தணும், எனக்கு எடுக்கணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கத் தெரிந்த மனுஷர்தான். அடிக்கிறவர், குடிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். அந்தப் பாட்டில் என் கையில் இருக்கும். வாய் வறண்டு, நாக்கை அண்ணத்திலிருந்து பிரிக்கிற சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். நான் மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். குளிக்கும்போதுகூட பக்கத்தில் நிற்பேன், ஷவரைப் பார்த்து வாயைத் திறந்துவிடுவாரே. தோல் அரிக்கும் அவருக்கு, சீப்பால் முதுகைச் சொறிந்துவிடுவேன். நிறுத்தினால் விழித்துக்கொள்வார். என் முட்டி தேய்ந்தது, என் பல் இரண்டு விழுந்தது, அதையெல்லாம் யாரிடம் சொல்வது? அவருடைய தங்கை போனில், “உங்களை மாதிரி யாரு இருப்பாங்க அண்ணி” என்பாள். சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவருக்கு மூச்சு முட்டினால் ஊருக்கே தெரியும். எனக்கும் முட்டியது சார். அது யாருக்கும் கேட்கவில்லை.

ஆனாலும் நான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். என்னை உடைத்தது கெட்ட செய்தி இல்லை, நல்ல செய்தி. ஒரு நாள் டாக்டர் எல்லா டெஸ்டையும் பார்த்துவிட்டு, “ஹார்ட் நல்லா இருக்கு. இப்படியே கவனமா இருந்தா இன்னும் பல வருஷம் தாராளமா ஓட்டலாம்” என்றார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம். திரும்பி வரும் வழியில் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை என்னால் பிரிக்கவே முடியவில்லை, வீட்டு வாசலில் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வண்டி சூடேற ஆரம்பித்தது. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய்கள் உப்பிப்போயிருந்தன, வாட்டர் பம்ப் முனகியது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று அவரே ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்கிவரச் சொன்னார். வண்டி நன்றாக ஆறிய பிறகு அடியில் அகலப் பாத்திரத்தை வைத்துப் பழைய தண்ணீரை இறக்கினேன். துருப்பிடித்த டீ மாதிரி இறங்கியது. பம்பை மாற்றினேன். குழாய்களை மாற்றி கிளிப்பை முறுக்கினேன். “இன்னும் அரை திருகு, மெக்கானிக்கம்மா, ரொம்ப முறுக்கினா ரப்பர் வெட்டிக்கும்” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் வியாதியே இல்லை.

கடைசியாக தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாமான். இஞ்சின் சூடானதும் அது வாயைத் திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். திறக்காவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கொதிக்கும், அவ்வளவுதான். புதுசாக இருந்தாலும் சோதிக்காமல் மாட்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். அடுப்பில் பாத்திரம் வைத்து, பழையதையும் புதியதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். புதியது தண்ணீர் கொதிப்பதற்குள் அழகாகத் திறந்தது. பழையதும் திறந்தது. ஆற வைத்து மறுபடியும் போடச் சொன்னார். இந்தத் தடவை பழையது கொதிக்கக் கொதிக்க இறுக மூடிக்கொண்டே கிடந்தது. மூன்றாவது தடவை திறந்தது.

“இதுதான் ரொம்ப மோசம். செத்த சாமானைக்கூட நம்பலாம், இப்படி மனசு மாறுறதை நம்பக் கூடாது. தூக்கிப் போட்டுடு” என்றார்.

சரி என்றேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் மெதுவாக வருவதற்குள் நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். பழையதைத்தான் மாட்டினேன்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் சார். நான் வண்டியைக் கெடுக்கவில்லை. செத்துப்போன சாமானை மாட்டவில்லை. திறந்தாலும் திறக்கும், திறக்காமலும் போகும் என்கிற ஒன்றை மாட்டினேன். அவ்வளவு வருஷமாக எல்லாவற்றையும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். எவ்வளவு தண்ணீர், எந்த மாத்திரை, எப்போது எழுப்புவது, எப்போது திருப்பிப் படுக்கவைப்பது, எல்லாம். இந்த ஒன்றையாவது வேறு யாராவது முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

“புதுசுதானே போட்டே?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழாய் சூடானது, திறந்துவிட்டது என்று அர்த்தம். “பாஸ்” என்றார். புதியதை நான் கரண்டிகளுக்கு நடுவே போட்டுவைத்திருந்தேன். இதோ, மேஜையில் வைக்கிறேன் பாருங்கள். பளபளப்புகூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். மேட்டு ரோட்டில் ஏறும்போதெல்லாம் என் கண் இஞ்சின் சூட்டைக் காட்டுகிற அந்த முள்ளின் மேலேயே இருக்கும். பாதியில் வந்து நிற்கும், ஏறாது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். பிழைத்தாரே என்றா, பிழைத்துவிட்டாரே என்றா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆனால் அந்த நாட்களில் நான் அவரிடம் ரொம்பப் பிரியமாக இருந்தேன். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. “என்ன மெக்கானிக்கம்மா, கல்யாணமான புதுசு மாதிரி இருக்கே” என்று கேலி செய்தார்.

அன்றைக்கு நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். மழையில் ரோடு அடைபட்டு ஒரு தடவை போக முடியாமல் போய்விட்டது. கால் வீங்கியிருந்தது, படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தே இருந்தார். ரோடு திறந்துவிட்டார்கள் என்றதும் காலையிலேயே கிளம்பினோம். மேட்டில் பாதி ஏறியதும் முள் ஏற ஆரம்பித்தது. சிவப்பைத் தொட்டதும் ஓரமாக நிறுத்தினேன். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. அந்த இடத்தில் போன் எடுக்காது, அது நீங்களே பார்த்தது.

ஒரு லாரி நின்றது. அதை நான் உங்கள் ஆட்களிடம் சொல்லவில்லை. ஓட்டுநர் இறங்கிவந்து, ஆஸ்பத்திரி பக்கம்தான் போகிறேன், ஐயாவை ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நல்ல மனுஷர். வேண்டாம், என் தம்பி வந்துகொண்டிருக்கிறான், இவரை ஏற்றி இறக்கினால் தாங்க மாட்டார் என்றேன். எனக்குத் தம்பி கிடையாது. இவர் கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கி ஆட்டினார். லாரிக்காரரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிறகு தண்ணீர் கேட்டார். ரேடியேட்டருக்கென்று டிக்கியில் இரண்டு கேன் எப்போதும் இருக்கும், எனக்கென்று ஒரு பெரிய பாட்டில் நல்ல தண்ணீர் வைத்திருப்பேன். அந்தப் பாட்டிலை அப்படியே கொடுத்தேன். மூடியில் ஊற்றவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார், கழுத்தெல்லாம் வழிய. எத்தனை வருஷத் தாகம் அது. முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மூச்சு தண்ணீருக்குள் இழுப்பது மாதிரி கேட்டது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கவில்லை. நான் கீழே நடந்துபோய் போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

நல்ல சாவுதான் சார். தாகம் தீர்ந்து போனார். அந்தச் சாமான் முடிவு செய்தது, அவரும் ஒத்துக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எழுந்துவிடாதீர்கள். ஒன்றை விட்டுவிட்டேன்.

அவர் டாக்சி ஓட்டிய காலத்தில் நல்ல வெயிலில் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு போனபோது வண்டி சூடேறிவிட்டதாம். உள்ளே ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, எல்லாருக்கும் வேர்த்து ஊற்ற, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாராம். இஞ்சின் சூட்டை ஹீட்டர் வாங்கி நம்மேல் விட்டுவிடும், அதனால் கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும் என்பார். இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பிறந்த குழந்தைக்குத் தன் பெயரைத்தான் வைத்தார்கள் என்று முடிப்பார், அது மட்டும் புளுகு.

அன்றைக்கும் முள் ஏறத் தொடங்கியதுமே அவர் பார்த்துவிட்டார். “ஹீட்டரைப் போடு, நிறுத்தாதே, மேடு ஏறிட்டா போதும்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், ஆனால் குரலில் பழைய டிரைவர் இருந்தார். போட்டேன். காற்று வந்தது. அதில் கையை நீட்டினார். ஜில்லென்று வந்தது. இஞ்சின் கொதிக்கும்போது அங்கே ஜில்லென்று வந்தால், ஹீட்டருக்குப் போகிற குழாயை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாதா? கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்போ கழட்டினே?” என்று கேட்டார். கோபமே இல்லை.

“அது ஒழுகிட்டிருந்துச்சுங்க” என்றேன்.

அதற்கப்புறம் தண்ணீர் கேட்கும்வரை அவர் என்னோடு பேசவில்லை. தெர்மோஸ்டாட் மாட்டி ஒரு வாரம் கழித்து, மத்தியானம் அவர் தூங்கும்போது, அந்த ஹீட்டர் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஹீட்டருக்குப் போகாமல் திரும்பிவிடும்படி சின்னத் துண்டு ஒன்றை இஞ்சினிலேயே வளைத்து மாட்டினேன். பழைய வண்டிகளில் எல்லாரும் செய்கிறதுதான், உங்கள் மெக்கானிக்கும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தார். ஒழுகியதால் மாற்றினேன் என்றே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் ஷெட்டில் தொங்குகிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள். நேற்றுக்கூட ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. எங்கேயாவது ஓட்டை இருக்கும் சார், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.