பாப்பாவின் கட்டைவிரல்

அடிபட்ட விரலில் நீங்கள் மாட்டியிருக்கும் பட்டை உங்களுக்கு ஒரு அளவு பெரியது, மேடம். பேனாவைப் பிடிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் நழுவுகிறது; இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. நான் ஆட்களை மூட்டு மூட்டாகத்தான் பார்ப்பேன். முகம் மறந்துபோகும், முழங்கால் மறக்காது. இதனால்தானோ என்னவோ எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கடை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிறது. இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டை, கைத்தடி, விரலுக்கு மாட்டுகிறவை. விரல் பட்டை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். சுகமாக இருப்பதை எடுப்பார்கள். மெத்தென்று இருக்கிறதா, மாட்டிக்கொண்டே வேலை பார்க்க முடியுமா என்று கேட்பார்கள். அடிபட்ட விரலுக்குப் பட்டை என்பது மெத்தை இல்லை மேடம், சிறை. இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். எந்த மூட்டு ஆடக் கூடாதோ அதை மட்டும் பிடிக்க வேண்டும், பக்கத்து மூட்டை விட்டுவிட வேண்டும். நகம் நீலம் பாயக் கூடாது. வலது கைக்கு வலது, இடது கைக்கு இடது. என் மொத்தப் படிப்பும் இவ்வளவுதான்.

பாப்பா என் தங்கை. முப்பதைத் தொடப்போகிறாள், வீட்டில் இன்னமும் பாப்பாதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சடை பின்னிவிட்டது நான்தான், கோணல் மாணலாக. அந்தக் கோணலைச் சகிக்க முடியாமல்தான் முடி வெட்டுகிற தொழிலுக்கே போனாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அவள் வெட்டும்போது பார்க்க வேண்டும். நான்கு விரல்கள் கத்திரியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். கட்டைவிரல் ஒன்றுதான் ஆடும். என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையானால் துண்டைப் போர்த்தி உட்காரவைத்து, "அண்ணா, இன்னிக்கு எந்த முடி? இந்தப் பக்கத்து முடியா, அந்தப் பக்கத்து முடியா?" என்பாள். அதற்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

அப்போதுதான் கப்பல் வந்தது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கிற கப்பலாம். அதில் ஓர் அழகு நிலையம், அதில் இவளுக்கு ஓர் இடம். நேரில் போய் ஒருமுறை வெட்டிக்காட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. போனில் அதைக் கேட்ட சந்தோஷத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி என்னிடம் சொல்ல ஓடிவந்தவள், கீழே வந்து தடுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். கட்டைவிரல் வெளிப்பக்கமாக மடங்கிவிட்டது. தரையில் கிடந்தபடியே, "அண்ணா, கப்பல்ல கூப்பிட்டுட்டாங்க" என்றாள். பிறகுதான் அழுதாள்.

படியில் நான் எதையும் கொட்டிவைக்கவில்லை. அதை மட்டும் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "எலும்பு தப்பிச்சுது. ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. அசையாம ஒரு பெல்ட்டப் போட்டு வெச்சா அதுவே ஒட்டிக்கும். கப்பல் ஏறுறதுக்குள்ள கை பழையபடி ஆயிடும்மா. பெல்ட்டுக்கு நீ எங்க போகணும், அண்ணன் கடையே இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, கையிலேயே இருந்த கடைச் சாவியைப் பை பையாகத் தேடினேன். தங்கைக்கு அடிபட்ட கவலை என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்து சேர்கிறவரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

பட்டையை நான் தேர்ந்தெடுக்கவில்லை, மேடம். அவள்தான் தேர்ந்தெடுத்தாள். நான் இரண்டை மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். ஒன்று உள்ளே தகடு வைத்த கெட்டிப் பட்டை, டாக்டர் சொன்ன ரகம். ஆனால் நான் எடுத்துவைத்தது இடது கைக்கானது. உறையைப் பிரித்துப் போட்டுவிட்டால் வெளியாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. வலது கையில் மாட்டினால் தகடு பதியாமல் எலும்பிலே குத்தும். மற்றது வெறும் துணிப் பட்டை.

"ஐயோ அண்ணா, குத்துது."

"குத்தத்தான் செய்யும் பாப்பா. நோவுக்குப் பாத்தா முடியுமா?"

"இதப் போட்டுட்டுக் கத்திரி பிடிக்கலாமா?"

"கத்திரியா? சாவியே பிடிக்க முடியாது."

"அது என்ன, அந்த மெல்லிசா இருக்கிறது?"

"அது சும்மா, சுளுக்குக்குப் போடுறது. உனக்கு அது வேணாம்."

வேண்டாம் என்று சொன்னால் பாப்பா எதை எடுப்பாள் என்பது அவள் தவழ்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். மாட்டிப்பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சூப்பரா இருக்கே! கத்திரி வளையத்துக்குள்ள போகுது பாரு. கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கலாம்."

"டாக்டர் கேட்டா?"

"அவருக்கு யாரு சொல்லப் போறா, நீயா?"

நான் சொல்லவில்லை. வாக்குத் தவறியதாக என்னை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் பாருங்கள், இளரத்தம். நல்ல விரல். அந்தத் துணிப் பட்டையிலேயே ஆற ஆரம்பித்துவிட்டது. வீக்கம் வடிந்தது. ஒருநாள் காலையில் தண்ணீர்ச் செம்பை வலது கையால் தூக்கிக் காட்டி, "அண்ணா, வலியே இல்ல" என்றாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒரு பெரியவருக்கு முழங்கால் பட்டையை முழங்கையில் மாட்டப் பார்த்தேன். "தம்பி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். அதுதானே பிரச்சினை.

அன்று சாயங்காலத்திலிருந்துதான் விரலைப் பார்க்க ஆரம்பித்தேன். கடையை மூடிவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன். "கையக் குடு பாப்பா" என்பேன். நம்பிக் கொடுப்பாள். பட்டையைக் கழற்றி, ஒரு கையால் உள்ளங்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டைவிரலை வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளுவேன். ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் அப்படித் தள்ளிப் பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்தால் மறுபடி தொடமாட்டார்கள், ஒட்டுவது விட்டுப்போய்விடும் என்று. நான் தினமும் தள்ளினேன். அவசரப்பட்டதே இல்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது வெறும் ஜவ்வு.

"வலிக்குதா?"

"வலிக்குதுண்ணா. நீ பாத்த பிறகுதான் ரொம்ப வலிக்குது."

"வலிச்சாதான் உள்ள ஒட்டுதுன்னு அர்த்தம்."

உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவாள். கண்ணில் நீர் கோத்து நிற்கும். எனக்கும் வரும், மேடம். நடிப்பு இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சத்தியமான வார்த்தை. ஒருநாள் என் விரலுக்கடியில் ஏதோ விட்டது, நனைந்த நூல் அறுகிற மாதிரி. அவள் முகம் வெளுத்துப்போனது. "என்னவோ விட்ட மாதிரி இருக்கே?" என்றாள். "இறுக்கம் விட்டிருக்கு. நல்லதுதான்" என்று சொல்லி, துணிப் பட்டையை மறுபடி மாட்டி, அதன் ஒட்டுப் பட்டியை அழுத்திவிட்டேன். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன.

வெட்டிக்காட்டப் போனவள் மதியத்துக்குள் திரும்பிவிட்டாள். நாற்காலியில் ஒரு அம்மாவை உட்காரவைத்து, சீப்பு போட்டு, முதல் வெட்டு வெட்டும்போதே கட்டைவிரல் மடங்கிக் கத்திரி அந்த அம்மாவின் மடியில் விழுந்ததாம். காயம் ஒன்றும் இல்லை. நான் அவளுக்குச் சூடாகப் பால் கலந்து கொடுத்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஆறுதலும் சொன்னேன். அவள் நிமிர்ந்து, "யார் சொன்னா? விரல சரி பண்ணிக்கிட்டு வா, உனக்கு இடம் வெச்சிருக்கோம்னு சொல்லிட்டாங்க. கைக்குன்னே ஒரு பெரிய டாக்டர் இருக்காராம், அவங்களே பேசி அனுப்புறாங்க" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லவர்களை யாரால் கணக்கில் எடுத்துக்கொள்ள முடிகிறது?

அந்தக் கை டாக்டர் விரலைத் தொட்டதுமே, "இது ஒரு தடவ விழுந்த விரல் இல்ல. யார் இதைத் திருப்பித் திருப்பித் திருகுனது?" என்று கேட்டாராம். பாப்பா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: "எங்கண்ணன் தினமும் பாத்தாரு சார். கை கழுவிட்டுத்தான் தொடுவாரு." அதன் பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தது, நீங்கள் கடைக்கு வந்தது, எல்லாம் உங்களுக்கே தெரியும்.

வரும் வழியில் ஜீப்பில், "பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கீங்க" என்றீர்கள். அதை யோசித்துக்கொண்டேதான் வந்தேன். தொட்டிலை ஆட்டினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. இனிமேல் ஊரில் யாரும் அந்தப் பாதியைச் சொல்லப்போவதில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இடது கைப் பட்டையைத் தெரிந்தே வைத்தது நான். வேண்டாம் என்று சொல்லி மெல்லியதை எடுக்கவைத்தது நான். ஆறிக்கொண்டிருந்த விரலை ஒவ்வொரு சாயங்காலமும் பிடித்துக் கிழித்தது நான். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என்று எழுதுவீர்களே, அதையும் எழுதுங்கள். உண்மைதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னாளாம். மயக்க மருந்தின் வேலை அது, தெளிந்தால் கேட்பாள். மாவுக்கட்டைப் பிரித்ததும் அந்த விரலுக்கு நல்ல பட்டை ஒன்று தேவைப்படும், மேடம். கண்ட கடையில் வாங்க விட்டுவிடாதீர்கள். அவள் கையின் அளவு எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.