வயலின் வகுப்பில் பாட்டு

திருவொற்றியூர் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வயலின் கிளாஸ்ல சேத்தா, மாசக்கணக்கா பாட்டுதான் பாட வெக்கிறாரு. அத்தினி புள்ளைங்க முன்னாடி சாரோட சண்ட போட்டு, பாப்பாவ நிறுத்திட்டேன்க்கா."

"அதுக்கு இன்னா இப்போ?"

"நேத்து சர்ச்சுல ஹங்கேரிக்காரம்மா ஒண்ணு வயலின் வாசிச்சிச்சி. ஊரு ஊரா கச்சேரி பண்ணுதாம். எப்டி கத்துகினீங்கன்னு கேட்டா, 'எங்க நாட்டுல மொதல்ல பாட்டு, அப்பறந்தான் வயலின்'னுது."

"போச்சுடா! மறுபடி அனுப்பு."

"போன் பண்ணி கேட்டேன், சாரு வரச்சொல்ட்டாரு. பாப்பாதான் வெக்கமா கீதுன்னு போவமாட்டேங்குது."

"நீ போயி அதே புள்ளைங்க முன்னாடி சாருகிட்ட மன்னிப்பு கேளு."

"அய்யோ, எனக்கு வெக்கமா இருக்காதாக்கா?"

"பாப்பாவுக்கு இருக்காதா?"