சல்லிக் கரைக் கல்வெட்டு

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தக் கல்லின் மேல் தேநீர்க் கோப்பையை வைக்காதீர்கள். கறை பிடித்தால் போகாது.

நான் இரத்தினசிங்கம். திருகோணமலையில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன். ஆதாரமில்லாமல் எழுதிய பிள்ளைகளுக்குத் தயங்காமல் சைபர் போட்டவன். என் ஆசையெல்லாம் அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துக் கெல்டிக் மக்கள்மீதுதான். அவர்கள் கிறிஸ்தவர்களான புதிதில் கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிப் பெயர் எழுதினார்கள். சிலவற்றில் சிலுவையும் உண்டு. அங்கே போய்ப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. போன வருடம் சல்லிக் கடற்கரையில் அதே மாதிரி வெட்டுகளோடு இந்தக் கல்லைக் கண்டபோது அழுதேவிட்டேன். ஆறாம் நூற்றாண்டில் ஒரு துறவி நம்முடைய துறைமுகத்துக்கு வந்திருக்கிறார். சிலுவை மட்டும்தான் இல்லை. அதை நான் செதுக்கினேன். கல் சொல்லவந்ததை முடித்துவைத்தேன், அவ்வளவுதான்.

பத்திரிகையில் படம் வந்தது. அயர்லாந்துப் பேராசிரியர் ஒருவர் பார்க்க வருவதாக எழுதினார். அவருக்கு முந்திக்கொண்டு சல்லி மீனவர் தவராசா வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“சேர், இது எங்கட அப்பாட நங்கூரக்கல். கயிறு வழுக்காம இருக்க அவர்தான் விளிம்பில வெட்டினவர். சிலுவை ஒண்டும் இருக்கயில்லை. வெள்ளைக்காரர் கேட்டா எனக்குப் பொய் சொல்ல ஏலாது.”

பொய் சொல்லாதவர்களை நான் மதிப்பவன். அதனால் வாக்குவாதப்படவில்லை. எப்படிக் கட்டுவது என்று காட்டும்படி கேட்டு, கல்லோடு அவருடைய தோணியில் ஏறினேன். ஆழம் வந்ததும் அவர் பொறுமையாகக் கட்டிக் காட்டினார். கயிற்றின் மறுமுனையில் நான் போட்டுவைத்திருந்த சுருக்கை அவர் காலில் மாட்டி, கல்லைத் தள்ளிவிட்டேன்.

கயிறு கல்லை விட்டு வழுக்கிவிடும், உடல் தனியாகக் கரையொதுங்கும், கடல் கொண்டுபோனது என்பார்கள் என்றுதான் நினைத்தேன். கல்லைப் பிறகு ஆள் வைத்து எடுத்திருப்பேன். கடலடியில் கிடைத்ததென்றால் மதிப்பும் கூடும். எழுத்து வெட்டிய விளிம்பு கயிற்றைப் பிடித்துவைக்காது அல்லவா?

பிடித்துவைத்துவிட்டது. மூன்றாம் நாள் உங்கள் சுழியோடிகள் அவரைக் கல்லோடு சேர்த்தே தூக்கினார்கள். ஒவ்வொரு வெட்டிலும் கயிறு அளவெடுத்ததுபோல் பதிந்திருந்ததை நானும் பார்த்தேன்.

கொலையை எழுதிக்கொள்ளுங்கள். மறுக்கவில்லை, கையெழுத்தும் வைக்கிறேன். தடயப் பொருள் என்ற இடத்தில் மட்டும் நங்கூரக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு, ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு என்று திருத்துங்கள். ஆதாரமில்லாமல் எழுதக் கூடாது.